ஹவுஸ்மார்ட்டின்ஸின் ‘லண்டன் 0 ஹல் 4’: கொழும்பில் வாங்கிக் கேட்பவர்களுக்கு

பிரதமர் தட்சர் காலத்துப் பிரித்தானியக் கிற்றார் பொப்பில் ஒரேயொரு இசைத்தட்டுத்தான் வாங்கமுடியும் என்றால், ஹல் ஊர்க் குழுவான ஹவுஸ்மார்ட்டின்ஸின் இந்தத் தட்டையே வாங்குங்கள். 1986இல் கோ! டிஸ்க்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 12 பாடல்கள், பக்கத்துக்கு ஆறு. முதல் தடவை ஓடவிட்டால் பிறந்தநாள் வீட்டில் போடலாம் போல இருக்கும்: துள்ளும் கிற்றார், கைதட்டத் தோன்றும் தாளம், பின்னால் சேர்ந்து பாடும் குரல்கள். இரண்டாம் தடவை சொற்களைக் கவனித்தால் விஷயம் வேறு. வேலையிடத்து முதலாளி, உண்டியல் குலுக்கும் தருமவான்கள், எந்தப் பக்கமும் சாயாத நடுநிலைக்காரன், பத்திரிகைகள் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கோபம் முழுக்கச் சொல்லில் இருக்கிறது. இசையில் துளியும் இல்லை. ஆகவே இந்தத் தட்டை எதில் போட்டுக் கேட்கிறோம் என்பது மற்றத் தட்டுகளைவிட இதற்கு முக்கியம். குரல் மங்கிய பிளேயரில் போட்டால் பாதித் தட்டுத்தான் காதில் விழும்.

ஹல் என்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள துறைமுகம். தூரக்கடல் மீன்பிடியில் வாழ்ந்த ஊர். ஐஸ்லாந்துடன் நடந்த மீன்பிடித் தகராறு 1976இல் ஐஸ்லாந்துக்குச் சாதகமாக முடிய, அந்தத் தொழில் அங்கே படுத்துவிட்டது. 1982 ஜனவரியில் பிரித்தானியாவில் வேலையில்லாதோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. 1984 மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு வருடம் நின்று தோற்றது. அந்தத் தோல்விக்கு அடுத்த வருடம் வந்த தட்டு இது. தலைப்பு உதைபந்தாட்ட முடிவு போல எழுதப்பட்டிருக்கிறது: தலைநகருக்கு ஒன்றுமில்லை, ஹல்லுக்கு நாலு. போல் ஹீட்டன் பாட்டு, ஸ்டான் கலிமோர் கிற்றார், நோர்மன் குக் பேஸ், ஹியூ விட்டேக்கர் டிரம்ஸ். நோர்மன் குக்தான் பிற்பாடு ஃபாட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் நடன இசையில் உலகப் புகழ் பெற்றவர். அட்டையின் பின்பக்கத்தில் இயேசுவையும் மார்க்ஸையும் நம்பிக்கையையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு வரி அச்சிட்டிருக்கிறார்கள். அது அலங்காரத்துக்குப் போட்ட வரியல்ல. ஹீட்டனின் மெட்டு கறுப்பின அமெரிக்கரின் தேவாலயப் பாட்டிலிருந்து வருகிறது, வாதம் இடதுசாரியிடமிருந்து வருகிறது. தேவாலயத்தில் பாடகர் குழுவில் நின்று பாடியவர்களுக்கு இந்தத் தட்டின் குரல் அடுக்கு உடனே பிடிபடும்.

முதற் பாடல் ‘ஹப்பி அவர்’ பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது; களிமண் பொம்மைகள் ஆடும் அதன் வீடியோ அந்த நாளில் பிரபலம். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேலை முடிந்து சக ஊழியர்களோடு குடிக்கப் போகும் ஒருவன், அங்கே பெண்களைப் பற்றிப் பேசும் விதத்தையும் முதலாளிக்குப் பல்லிளிக்கும் விதத்தையும் பார்த்து அருவருப்பதுதான் பாட்டு. எந்த ஹோட்டல் பாரில் போட்டாலும் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பாட்டு யாரைச் சொல்கிறதோ அவர்களே எழும்பி ஆடுவார்கள். இந்தக் குழுவின் வேலைமுறையே அதுதான். கதவைத் திறக்க மெட்டு, உள்ளே போனபிறகு சொல்.

இரண்டாவது ‘கெற் அப் ஒஃப் அவர் நீஸ்’. பஞ்சம் ஒரு பக்கம் நடக்கிறது, விருந்து ஒரு பக்கம் நடக்கிறது, முழந்தாளில் நின்றது போதும், எழும்புங்கள் என்கிறது. கிறிஸ்தவ மொழியிலேயே எழுதியதால்தான் இதற்கு இந்த உறைப்பு. ஜெபத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஜெபத்தோடு நின்றுவிடாதே என்கிறது. சொற்களின் கடுமை சில இடங்களில் துப்பாக்கி வரைக்கும் போகிறது. அதையும் அதே புன்னகையோடுதான் பாடுகிறார்கள்.

அடுத்த ‘ஃபிளாக் டே’, அதாவது கொடி நாள், தட்டின் நடுநரம்பு. வேகம் குறைகிறது, குரல் தனித்து முன்னால் வருகிறது. குழுவின் முதல் சிங்கிளும், அதாவது தனிப்பாடலாக வெளியிட்ட சிறு தட்டும், இதுவே. எதியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சி 1985 ஜூலை 13. இந்தச் சிங்கிள் அதே வருடம் ஒக்டோபரில் வந்தது. நாடே தானத்தில் நெகிழ்ந்துபோயிருந்த நேரத்தில் தானத்தைக் கேள்வி கேட்டுப் பாடினால் யார் வாங்குவார்கள்? பட்டியலில் 124ஆம் இடம். கொழும்பில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் கொடி விற்கும் நாள் தெரியும்: சட்டையில் குண்டூசியால் குத்தும் சிறு கடதாசிக் கொடி, வாங்கியவரைத் திரும்பக் கேட்காமல் விடுவதற்கான அடையாளம். ஹீட்டன் குத்துவது அந்தக் குண்டூசியைத்தான். சில்லறை போட்டவுடன் மனம் ஆறிவிடுகிறது, சில்லறை ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி அங்கேயே செத்துவிடுகிறது. தாதிமாரின் பரிவு ஊரில் தாராளம், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் ராபின் ஹூட்டுகள்தான் காணாது என்பது பாட்டின் வாதம்.

இந்த வாதம் கொழும்புக்குப் புதிதல்ல. 1930களில் இங்கே நவம்பர் 11 அன்று விற்ற பொப்பிப் பூவின் காசில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போகிறது என்று எதிர்த்து, அதே நாளில் சூரிய மல், அதாவது பூவரசம்பூ, விற்றார்கள். அந்த இயக்கத்து இளைஞர்கள் 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது ஊரூராகப் போய் நிவாரண வேலை செய்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் பலர் அவர்களே. உண்டியலுக்குப் பதில் இன்னோர் உண்டியல் குலுக்கி, பிறகு உண்டியல் போதாது என்று கட்சி கட்டியவர்கள். ‘ஃபிளாக் டே’யைக் கேட்கும்போது இந்தக் கதை தெரிந்திருந்தால் பாட்டு இரண்டு மடங்கு கனக்கும்.

முதற் பக்கத்தை முடிக்கும் ‘சிற்றிங் ஒன் எ ஃபென்ஸ்’ மதில்மேல் பூனையைப் பற்றியது. இரண்டு பக்கத்தையும் பார்க்கிறேன் என்று சொல்லி ஒன்றும் செய்யாத ஆள். அவனால் முடியும், ஆனால் முடியாது என்று சொல்கிறான், அதுதான் அவனுடைய கோளாறு என்று பாட்டு கண்டுபிடித்துச் சொல்கிறது. இரண்டாம் பக்கத்தில் ‘ஷீப்’ முன்னால் போகிறவன் பின்னே கேள்வி கேட்காமல் போகும் கூட்டத்தைப் பற்றி. ‘திங்க் ஃபோர் எ மினிற்’ ஊர் மெல்ல மெல்ல உயிரற்றுப் போவதைப் பற்றி. அசட்டை சண்டை பிடிக்காமலே வென்றுவிட்டது என்ற எண்ணம்தான் இந்தத் தட்டில் மிகத் துயரமான இடம். சிங்கிளாக வந்தது வேறு பதிவு. தட்டில் உள்ளதே நல்லது. கடைசிப் பாடல் ‘ஃப்ரீடம்’ பத்திரிகைச் சுதந்திரம் என்று சொல்லப்படுவதை உரித்துக் காட்டுகிறது. அதில் சிவப்பும் நீலமும் வரும். கொழும்புக் காது நீலம் என்றால் சிறிலங்கா சுதந்திரக் கட்சி என்று எடுக்கும். அங்கே நீலம் தட்சரின் பழமைவாதக் கட்சி, சிவப்பு தொழிற்கட்சியும் அதற்கு இடப்பக்கம் உள்ளவர்களும்.

எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமுடியாது. ‘ரெவரெண்ட்ஸ் ரிவெஞ்ச்’ சொல்லில்லாத மௌத் ஓர்கன் துண்டு, இடத்தை நிரப்புகிறது. ‘வீ ஆர் நொட் டீப்’ இனிமையானது, அவ்வளவுதான். ‘லீன் ஒன் மீ’ பியானோவும் குரலுமாகப் போகும் கோஸ்பல், அதாவது தேவாலயப் பாட்டு. மெல்லிசைக் கிற்றாருக்காக வாங்கியவர்கள் இதைத் தாண்டி ஊசியை வைப்பதுண்டு, அது தவறு. ஹீட்டனின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவே சாட்சி. பதிவு முழுக்க மெலிந்தது. ஜோன் வில்லியம்ஸின் தயாரிப்பில் கீழ்ச்சுரம் குறைவு, டிரம்ஸ் காய்ந்த சத்தம். இதைக் குறையாகப் பலர் சொல்வார்கள். பேஸை ஏற்றிவைத்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு அப்படித்தான் படும். அந்தக் காய்ந்த கலவைதான் சொல்லுக்கு இடம் விடுகிறது. டோன் குமிழைத் திருகி அதை நிரப்பவேண்டாம்.

தட்சரைத் தூரத்து ஆளாக நினைத்துக்கொண்டு கேட்கவும் தேவையில்லை. 1985 ஏப்ரலில் அவர் இங்கே வந்து கோட்டே பாராளுமன்றத்தில் பேசினார். பிரித்தானிய உதவியில் கட்டிய விக்டோரியா அணையை ஜனாதிபதி ஜே. ஆரோடு சேர்ந்து திறந்துவைத்தார். அடுத்த மாதமே அவருடைய அரசாங்கம் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் பிரஜைகளுக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. 83 கலவரத்துக்குப் பிறகு ஓடிப்போன தமிழரைத் தடுக்கத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் விமானத்தில் ஏற மறுத்து, உடுப்பைக் களைந்து நின்றார்கள். அதே வருடம் ஹாரிச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற கப்பலைத் தடுப்பு முகாமாக்கி அகதிகளை வைத்திருந்தார்கள். ஒக்டோபர்ப் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து போனது. தட்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, 1986இல் இருக்கவும் முடியாது. ஆனால் வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ அந்த வருடங்களில் லண்டனுக்குப் போன ஒருவர் உள்ள வீட்டில், இந்தப் பாட்டுகள் யாரை எதிர்த்துப் பாடப்பட்டன என்று விளக்கத் தேவையில்லை.

இனிக் கருவிக்கு வருவோம்.

சூட்கேஸ் வடிவத்தில் விற்கும் மலிவு பிளேயர்களில் இந்தத் தட்டைப் போடாதீர்கள். பெரும்பாலும் அவற்றில் செராமிக் காட்றிஜ் (காட்றிஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பெட்டி). ஊசி ஐந்து கிராம் அளவில் அழுத்தும், பாரத்தைச் சரிசெய்ய வழியில்லை. ஹீட்டன் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகள் எல்லாம் ஒரே சீறலாகிவிடும். நகரும் காந்தக் காட்றிஜ் போட்ட பிளேயர் வேண்டும். ஓடியோ-டெக்னிக்காவின் விஎம்95இ போன்ற நீள்வட்ட ஊசி போதும், அதற்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை, 2.0இல் வையுங்கள். பாரத்தை, ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் எண் வளையத்தை நம்பி வைக்காமல் சிறிய டிஜிட்டல் ஊசித் தராசில் நிறுத்துப் பாருங்கள். பாரம் குறைந்தால் தட்டு பிழைக்கும் என்று பலர் குறைத்து வைக்கிறார்கள். நடப்பது மாறாக: ஊசி பள்ளத்தில் நிலையாக உட்காராமல் சுவரில் மோதி, சத்தமான இடங்களில் சுவரைச் செதுக்கிவிடும்.

பக்கத்தின் கடைசிப் பாடலில் குரல் கரகரத்தால் தட்டைக் குறைசொல்லுமுன் காட்றிஜ் கோணத்தைப் பாருங்கள். தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே வினாடிக்குச் சுமார் 51 சென்ரிமீற்றர் பள்ளம் ஓடும். உள்ளே, மையத்திலிருந்து ஆறு சென்ரிமீற்றரில், அது 21 ஆகிவிடும். அதே ஒலி அரைவாசிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். கோணம் சற்றுப் பிசகினாலும் முதலில் கெடுவது அங்கே. இந்தத் தட்டில் அந்த இடத்தில் இருப்பவை ‘சிற்றிங் ஒன் எ ஃபென்ஸ்’, ‘ஃப்ரீடம்’. இரண்டுமே சொல்லில் நிற்கும் பாடல்கள். இணையத்தில் கிடைக்கும், காட்றிஜ் கோணம் பார்க்கும் புரொட்ராக்டர் படத்தை அச்செடுத்து, அதிலுள்ள 100 மில்லிமீற்றர் கோடு அடிமட்டத்தில் சரியாக 100 வருகிறதா என்று முதலில் அளவுங்கள். அச்சகத்தில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று எடுத்துவிட்டால் எல்லாம் பிழைத்துவிடும். பிறகு 66, 121 மில்லிமீற்றர்ப் புள்ளிகள் இரண்டிலும் காட்றிஜின் உடல் கோட்டுக்கு இணையாக நிற்கும்வரை இரண்டு ஆணிகளையும் தளர்த்தி நகர்த்துங்கள். ஒன்றில் சரியாகி மற்றதில் விலகினால், காட்றிஜைப் பூட்டும் முனையான ஹெட்ஷெல்லில் முன்னே அல்லது பின்னே தள்ளவேண்டும் என்று அர்த்தம். இறுக்கியபின் பாரத்தை மறுபடி நிறுங்கள், காட்றிஜ் நகர்ந்தால் அதுவும் மாறியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயர் என்றால் மின்சாரத்தைக் கவனியுங்கள். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் வோல்ற்றேஜ் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. ஏசி சின்க்ரனஸ் மோட்டார் (ஹேர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமையும் மோட்டார்) உள்ள பழைய பெல்ட் பிளேயர் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது என்றால் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும்: 33⅓க்குப் பதில் ஏறத்தாழ 27.8. சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். ஹீட்டனின் குரல் தொண்டை கட்டியவர் போல் கேட்டால் காரணம் இதுதான். 50 ஹேர்ட்ஸுக்கான புல்லி, அதாவது மோட்டாரில் பெல்ட் சுற்றும் சிறு சக்கரம், கிடைத்தால் மாற்றலாம். சிறிய அடாப்டரில் ஓடும் டிசி மோட்டார் பிளேயர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அடாப்டர் 240 வரை ஏற்கிறதா என்று அதன் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்தால் போதும்.

வேகம் நிலையாக இருக்கிறதா என்று சோதிக்க ‘லீன் ஒன் மீ’யைப் போடுங்கள். பியானோச் சுரம் நீளும்போது அலைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. எங்கள் வெக்கையில் பழைய பெல்ட் இறப்பர் இளகி, புல்லியில் கறுப்புப் பிசினாக ஒட்டும். புதுப் பெல்ட் போடுமுன் புல்லியை ஐசோப்ரொபைல் அல்கஹோலால் துடைக்காவிட்டால் அதுவும் வழுக்கும்.

தட்டை எங்கே எடுப்பது? புறக்கோட்டை, மருதானைப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் தற்செயலாக அகப்பட்டால் அதிர்ஷ்டம்; தேடி அலைந்து எடுக்கக்கூடிய தட்டு அல்ல. பிரித்தானியாவில் இது நன்றாக விற்ற அல்பம், அல்பம் பட்டியலிலும் மூன்றாம் இடம் வரை போனது, எனவே பழைய பிரதிகள் அங்கே தாராளம், அரிய தட்டு என்று சொல்லி விலை ஏற்றுபவரை விட்டு விலகுங்கள். முதற் பதிப்பின் எண் ஏஜிஓஎல்பி 7, முதுகிலும் லேபிளிலும் இருக்கும். பழைய தட்டு விற்பவர்கள் போடும் தரக் குறியீட்டில் ‘விஜி பிளஸ்’ (மிக நன்று பிளஸ்) என்பதற்குக் கீழே வேண்டாம். கண்ணால் பார்த்துத் தரம் போட்டதா, ஓட்டிக் கேட்டுப் போட்டதா என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். விருந்துகளில் ஓடிய தட்டு இது, கீறலே இல்லாமலும் கெட்ட ஊசியால் பள்ளம் தேய்ந்திருக்கலாம், அது வெளிச்சத்தில் தெரியாது. கேட்டுப் பார்க்கச் சொல்லவேண்டிய இடங்கள் இரண்டு: ‘ஹப்பி அவர்’ முதல் அரை நிமிடம், ‘ஃப்ரீடம்’ கடைசி அரை நிமிடம். முதலாவது அதிகம் ஓட்டப்பட்ட இடம், இரண்டாவது முதலில் தேயும் இடம்.

அனுப்பும்போது தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். அட்டைக்குள் இருந்தால் வழியில் பார்சலைப் போட்டு எறியும்போது தட்டின் விளிம்பு மேல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். இரு பக்கமும் நெளி அட்டை, ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும். ஒரு தட்டு பொதியோடு சுமார் அரைக் கிலோ. இரண்டு மூன்று சேர்த்து எடுத்தால் தட்டுக்குத் தபால் கூலி நன்றாகக் குறையும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சுங்கத்தில் சந்தேகம் வந்தால் அவர்களே ஒரு பெறுமதி போட்டு, பார்சலும் கிடந்துவிடும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம், அது தட்டின் விலைக்கு மட்டுமல்ல, தபால் கூலியும் சேர்த்த பெறுமதிக்குக் கணக்கிடப்படும். இறக்குமதித் தீர்வைகள் தனி. வாங்கிய ரசீதை அச்செடுத்து அடையாள அட்டையோடு வைத்திருந்தால் பேச்சுக் குறையும்.

வந்தவுடன் போடவேண்டாம். ஏசி அறைக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் மாறும்போது தட்டில் நீர்த்துளி படியும். அறையில் அரை நாள் கிடக்கவிட்டு, பிறகு கழுவுங்கள். வடித்த நீர் நாலு பங்கு, ஐசோப்ரொபைல் அல்கஹோல் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி. மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேய்த்து, வெறும் வடித்த நீரால் மறுபடி கழுவவேண்டும். இந்த இரண்டாம் கழுவலை விட்டால் சோப்புக் காய்ந்து ஊசியில் வெள்ளைப் பொடியாகச் சேரும். லேபிள் நனையக்கூடாது. வடித்த நீருக்காகப் பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீரை வாங்கினால் அசிட் கலக்காத ரகம்தானா என்று போத்தலைப் பாருங்கள். வீட்டில் தாத்தா காலத்து 78 தட்டுகளும் இருந்தால் அவற்றுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது, அரக்கால் செய்தவை, அல்கஹோலில் கரையும்.

பிரித்தானியப் பழைய தட்டுகளின் கடதாசி உள்ளுறை கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பள்ளத்துக்குள் இறங்கினால் சரசரவென்ற இரைச்சல் கழுவினாலும் முழுதாகப் போகாது. பொலித்தீன் உள்ளுறைக்கு மாற்றி, கடதாசி உறையை அட்டைக்குள் தனியாக வையுங்கள். வெளியுறைக்குப் பிவிசி வேண்டாம், வெக்கையில் வியர்த்து அட்டையோடு ஒட்டும். நிமிர்த்தி, நெருக்கமாக ஆனால் இறுக்காமல் அடுக்குங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் ஒக்டோபர், நவம்பர் மழைக்கு ஈரம் ஊறும். உட்சுவர்ப் பக்கம் நல்லது.

இசைத்தட்டு வேண்டாம் என்பவர்களுக்குச் சீடி நல்ல தெரிவுதான், கடைசிப் பாடலின் கரகரப்பும் இல்லை. சீடியில் மேலதிகமாக நாலு பாடல்கள் உண்டு. அவற்றில் பிறர் பாடிய கோஸ்பல், சோல் பாட்டுகளைத் திருப்பிப் பாடியவை உண்டு, குரலுக்காகக் கேட்கலாம். ஆனால் அல்பமாகக் கேட்கும்போது அந்த 12ஐ மட்டும் தட்டின் வரிசையில் போடுங்கள். ‘ஹப்பி அவர்’ சிரிப்பிலிருந்து ‘ஃபிளாக் டே’யின் நிதானத்துக்கு மூன்றே பாடலில் இறங்குவது திட்டமிட்டுச் செய்தது. இணையத்தில் கேட்பவர்களுக்கும் இதுவே. 1986 டிசம்பரில் முதலிடம் பிடித்த, வாத்தியமே இல்லாமல் பாடிய ‘கரவான் ஒஃப் லவ்’ இந்தத் தட்டில் இல்லை. அதற்காக வாங்கி ஏமாறவேண்டாம். அது 1988இல் குழு கலைந்தபோது வந்த தொகுப்பில் இருக்கிறது.

இதற்குப் பிறகு எதை எடுப்பது என்றால், 1987இல் வந்த அவர்களுடைய இரண்டாவது அல்பம். அரச குடும்பத்தைப் பார்த்துப் பூரிப்பவர்கள் மேல் அதன் தலைப்புப் பாட்டுப் பாய்கிறது. டிரம்ஸில் டேவ் ஹெமிங்வே. சொல்லில் இன்னும் இறுக்கம் வேண்டுமானால் பார்க்கிங் ஊர்க் குழுவான மக்கார்த்தியின் ‘ஐ ஆம் எ வொலற்’, அதுவும் 1987. மல்கம் ஈடன் எதிராளியின் வாயாலேயே பாடுவார்: பங்கு வாங்கிப் பணக்காரனாகிறவன், ஒழுங்கு பேசுகிறவன் என்று ஒவ்வொருவராக வந்து தன்னைத்தானே அம்பலப்படுத்திக்கொள்வார்கள். கிற்றார் ரிம் கேன், பிற்பாடு ஸ்டீரியோலாப் தொடங்கியவர். அது கடினமான தட்டு, ஹவுஸ்மார்ட்டின்ஸைக் கேட்டுப் பழகியபின் எடுப்பது நல்லது.

இந்தப் பாட்டுகளை மேடையில் வாசிக்க நினைக்கும் குழுக்களுக்கு: டிஸ்டோர்ஷன், கோரஸ் பெடல்களை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பிரிட்ஜ் பிக்கப், சுத்தமான அம்ப், தேவையென்றால் மட்டும் மெல்லிய கொம்பிரசர். கம்பி 10–46, பிக் 0.60 முதல் 0.73 மில்லிமீற்றர், தடித்த பிக்கில் மணிக்கட்டு இந்த வேகத்துக்குப் பாட்டு முடியுமுன் இறுகிவிடும். ஆறு கம்பியிலும் பார் கோர்ட் பிடித்து அடிப்பதுதான் வழக்கமான பிழை. தடித்த கீழ்ச்சுரக் கம்பி இரண்டையும் பேஸுக்கு விடுங்கள். குக்கின் பேஸ் ஓரிடத்தில் நிற்காமல் மெட்டாக நடக்கும், அதன்மேல் கிற்றாரின் கனத்த கம்பிகள் விழுந்தால் இரண்டும் கலங்கும். மெல்லிய நாலு கம்பியில் சிறு கோர்ட் பிடித்து, இடக்கையைத் தளர்த்தி ஒவ்வொரு அடியையும் குறுக்கி வெட்டுங்கள். பின்பாட்டை ஒரு ஆளுக்கு மேல் பாடவேண்டும், அதுவும் மைக்குக்குக் கிட்ட, பாடகருக்குச் சமனான சத்தத்தில். ஒத்திகையில் முதலில் வாத்தியம் இல்லாமல் குரல்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கே சொல் ஒன்றாக விழாவிட்டால் கிற்றார் சேர்ந்தபின் அது விழப்போவதில்லை.